இழந்த எழுத்தை மீட்டல்

தோற்றுவாய்

மனிதன் தன் நெஞ்சில் தாங்கவொண்ணாத செய்திகளைப் புறத்தே ஒரு பொருளினிடம் ஒப்படைக்கக் கற்றுக்கொண்ட காலமே நாகரிகத்தின் விடியற்காலம் எனலாம். கல், செம்பு, ஓலை, தாள் என்பன ஒன்றன்பின் ஒன்றாக அப்பணியை மேற்கொண்டன. இக்காலத்தில் மக்கள் வழக்கில் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு அப்பணியைச் செய்து வருகின்றது. கைக்குள் அடங்கும் ஒரு சிறு பெட்டியில் குடும்பத்தின் நிழற்படங்களும், அலுவலகத்தின் கணக்குகளும், அறிஞர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பும் ஒருங்கே உறைகின்றன. அப்பெட்டி ஒருநாள் கைதவறி விழுந்து, கணினியோடு இணைத்தபொழுது வாய் திறவாதாயின், உடையவர் கலங்குவது இயல்பே.

அவ்வேளையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அழிந்தது எழுத்தா, எழுத்தை அடையும் வழியா என்பதே அது. வழி அழிந்திருப்பின் அதனை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். எழுத்தே அழிந்திருப்பின் எவராலும் ஒன்றும் செய்ய இயலாது. இவ்வேறுபாட்டை உணர்ந்து செயற்படுவதே மீட்புக் கலையின் முதற்படியாகும். புதுச்சேரி நகரின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்று தருகின்றது.

நகரம் அழிந்தது, நாட்குறிப்பு நின்றது

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்து வணிகத்தில் ஈடுபட்டு, ஆளுநர் துய்ப்ளேயின் காலத்தில் தலைமைத் துபாசியாக உயர்ந்தார். 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் 1761-ஆம் ஆண்டு சனவரி மாதம் வரை அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல்களின் வரவு, சரக்கின் விலை, போர்ச் செய்தி, ஆளுநரின் உரையாடல், ஊரார் பேச்சு ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன.

1761-ஆம் ஆண்டு சனவரியில் பிள்ளை மறைந்தார். அதே மாதத்தில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். கல்லால் கட்டிய கோட்டை மறைந்தது. தாளில் எழுதிய நாட்குறிப்போ பிள்ளையின் வழியினரது வீட்டில் எஞ்சி நின்றது. ஆயினும் அஃது அங்கிருப்பதைப் புறவுலகம் அறிந்திலது. எழுத்து இருந்தது, அதனை அடையும் வழி மட்டும் இல்லாதிருந்தது.

1846-ஆம் ஆண்டில் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அந்நாட்குறிப்பைக் கண்டறிந்தார். எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வழி திறந்தது. கண்டெடுத்தவர் அதனைப் பேழையில் பூட்டிவைத்து அமையவில்லை, படி எடுத்தார். தமிழ் கற்ற பிரெஞ்சு அறிஞராகிய அரியேல் என்பவரும் ஒரு படி எடுத்தார். அது பாரிசு நகரின் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. பின்னர்ச் சென்னை அரசாங்கத்தாரும் படி எடுப்பித்தனர். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இடையிடையே சில பகுதிகள் கிடைத்தில. எனினும் பெரும்பகுதி உலகுக்கு மீண்டது. புதுச்சேரியில் ஒன்று, சென்னையில் ஒன்று, பாரிசில் ஒன்று எனப் படிகள் பிரிந்திருந்தமையால், ஓரூரில் நேரும் இடர் நூல் முழுவதையும் அழிக்கும் அச்சம் ஒழிந்தது.

ஓலையிலிருந்து வட்டுக்கு

அந்நகரிலேயே கடற்கரைக்கு அருகில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தமிழகத்தின் கோயில்களிலும் மடங்களிலும் இல்லங்களிலும் சிதறிக்கிடந்த சைவ ஆகமச் சுவடிகளை அதன் அறிஞர்கள் தொகுத்தனர். அவற்றோடு அந்நகரிலுள்ள தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் சுவடிகளும் சேர்ந்த தொகுப்பு ஏறத்தாழ பதினோராயிரம் சுவடிகளைக் கொண்டது. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

பழைய ஓலையைப் படிப்பது எளிதன்று. எழுத்தாணி கீறிய கோடுகளில் இட்ட மை காலப்போக்கில் உதிர்ந்துவிடும். அறியாதவர் பார்த்தால் அது வெற்றோலையாகவே தோன்றும். வல்லவரோ ஓலையைத் தூய்மை செய்து, கரியை மெல்லத் தடவித் துடைப்பர். கீறலுக்குள் கரி தங்க, எழுத்துகள் மீண்டும் புலனாகும். மை மறைந்ததேயன்றிக் கீறல் மறையவில்லை என்பதனை அவர்கள் அறிவர். ஆனால் செல் அரித்து ஓலையே துளைபட்டுப் போயின், அவ்விடத்து எழுத்தை எக்கரியாலும் மீட்க இயலாது.

இத்தகைய சுவடிகள் இக்காலத்தில் மின்னணு ஒளிப்படங்களாக எடுக்கப்பெற்றுக் கணினியில் சேமிக்கப்படுகின்றன. ஓலைக்குச் செல் பகை. வட்டுக்கு வீழ்ச்சியும் ஈரமும் பகை. கடற்கரை நகரங்களின் உப்புக்காற்று மின்சுற்றின் உலோகத்தை அரிக்கவல்லது. 2011-ஆம் ஆண்டு திசம்பரில் தானே புயலும், 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலும் புதுச்சேரியைத் தாக்கின. பெஞ்சல் புயலின்போது பெய்த பெருமழையில் நகரின் தெருக்கள் பல நீரில் மூழ்கின. இத்தகைய நாட்களில் வீட்டுப் பொருள்களோடு வன்தட்டும் நனைதல் கூடும். ஆதலின், ஓலையின் இயல்பை அறிந்து சுவடியைக் காத்தது போலவே, வட்டின் இயல்பை அறிந்து கோப்புகளைக் காத்தல் வேண்டும்.

வன்தட்டின் அமைப்பு

வன்தட்டினுள் அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டுகள் உள்ளன. அவற்றின்மேல் காந்தத்தன்மையுள்ள மெல்லிய படலம் பூசப்பட்டிருக்கும். அப்படலத்தின் மிகச் சிறிய பகுதிகள் ஒவ்வொன்றும் இரு திசைகளுள் ஒன்றில் காந்தமாக்கப்படுகின்றன. அத்திசைகளின் அமைப்பே சுழியும் ஒன்றுமாகிய எண்வரிசையைக் குறிக்கின்றது. எழுத்தும் படமும் இசையும் அவ்வெண்களாகவே வட்டில் உறைகின்றன. காந்தத்தன்மைக்கு மின்னோட்டம் வேண்டுவதில்லை; ஆதலின் இணைப்பை நீக்கினாலும் செய்தி நிலைத்திருக்கும்.

வெளியே இணைக்கும் சிறிய வன்தட்டுகளில் வட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்வது பெருவழக்கு. அதற்கு மேலே எழுதவும் படிக்கவும் வல்ல சிறு முனை, வட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றது. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்போ ஏறத்தாழ எண்பதாயிரம் நானோமீட்டர். ஆகவே கண்ணுக்குத் தோன்றாத ஒரு துகளும் அம்முனைக்கு மலை போன்றதே. சுழலும் வேளையில் பெட்டி அதிர்ந்தால், முனை வட்டில் மோதிக் கீறிவிடும்.

1956-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, ஐம்பது பெரிய வட்டுகளைக் கொண்டு ஓர் அலமாரியைப் போன்று விளங்கியது. அதில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளையே வைக்க இயன்றது. இன்று சட்டைப்பையில் அடங்கும் ஒரு டெராபைட் வன்தட்டில் இலட்சங்கோடி எழுத்துகள் அடங்கும். கொள்ளும் அளவு பெருகப் பெருக, ஒரு வீழ்ச்சியால் நேரும் இழப்பும் பெருகிற்று.

வட்டில் கோப்புகள் வைக்கப்படும் முறையையும் அறிதல் வேண்டும். வட்டின் பரப்பு எண்ணிறந்த சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். எக்கோப்பு எக்கட்டங்களில் உள்ளது என்பதனைக் குறிக்கும் பட்டியல் ஒன்று தனியே உண்டு. அது நூலின் பொருளடக்கம் போன்றது. ஒருவர் ஒரு கோப்பை அழிக்கும்பொழுது கணினி அக்கட்டங்களைத் துடைப்பதில்லை; ‘இவை வெற்றிடம்’ என்று பட்டியலில் குறித்துக்கொள்வதோடு அமைகின்றது. பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டால், நூலின் பக்கம் கிழிந்துவிடுமோ? கிழியாது. ஆனால் புதிய கோப்பொன்று அவ்விடத்தில் எழுதப்படுமாயின் பழைய எழுத்து உண்மையாகவே அழியும்.

பழுதின் வகைகள்

வன்தட்டுக்கு நேரும் பழுதுகளை நால்வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, பட்டியலின் பழுது. எழுதிக்கொண்டிருக்கும்பொழுதே கம்பியை இழுத்துவிடுதல், மின்தடை, கிருமிநிரல் முதலியவற்றால் பட்டியல் குலையும். வட்டு நலமாகவே இருக்கும், கணினிதான் ‘இத்தட்டு வடிவமைக்கப்படவில்லை, வடிவமைக்கலாமா?’ என்று கேட்கும். இக்கேள்விக்கு ஆம் என்று விடை கூறுவோர் பலர். அவ்விடையே இழப்பை மிகுவிக்கும்.

இரண்டாவது, மின்சுற்றின் பழுது. கம்பியோ, பெட்டியிலுள்ள யூஎஸ்பி இணைப்புப் பலகையோ, வன்தட்டின் சுற்றுப்பலகையோ பழுதுறலாம். கம்பியை மாற்றிப் பார்த்தல் எவரும் செய்யத்தக்க முதற் சோதனை. சுற்றுப்பலகையை மாற்றுதல் அத்துணை எளிதன்று. இக்காலப் பலகைகளில் அவ்வத்தட்டுக்கே உரிய அளவைக் குறிப்புகள் ஒரு சில்லில் பதிந்துள்ளன. அச்சில்லையும் உடன் மாற்றினாலன்றி வேறு பலகை பயன்தராது.

மூன்றாவது, பரப்பின் பழுது. ஆங்காங்குச் சில கட்டங்கள் நலிந்து, படிக்கும்பொழுது பிழைபடும். கோப்புகள் திறக்க நெடுநேரமாவது இதன் அறிகுறி.

நான்காவது, பொறியின் பழுது. முனை ஒடிதல், சுழற்சி நிற்றல், முனை வட்டோடு ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை இதன்பாற்படும். ‘டிக், டிக்’ என்னும் ஓசை மீண்டும் மீண்டும் கேட்குமாயின் இவ்வகைப் பழுது என ஐயுறலாம். அந்நிலையில் ஒவ்வொரு முறை மின்னிணைப்புக் கொடுக்கும்பொழுதும் ஒடிந்த முனை வட்டை மேலும் கீறக்கூடும்.

மீட்கும் முறை

மீட்பின் முதல் விதி நிறுத்துதல். பழுது தோன்றியவுடன் அத்தட்டில் ஒன்றும் எழுதாமல், இணைப்பை நீக்குதல் வேண்டும். இரண்டாவது விதி படி எடுத்தல். மூன்றாவது விதி, மூலத்தை விடுத்துப் படியின்மேல் பணிசெய்தல். நாட்குறிப்பைப் பதிப்பித்தவர்களும் ஓலையை ஒளிப்படம் எடுப்போரும் கைக்கொண்ட நெறியே இங்கும் பொருந்துகின்றது. மூலத்தை மீண்டும் மீண்டும் தீண்டினால் அது நையும். படி நைந்தாலோ மற்றொரு படி எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியல் குலைந்த தட்டும், பரப்பு நலிந்த தட்டும் சுழலும் நிலையில் இருப்பின், அவற்றின் கட்டங்கள் அனைத்தையும் முதலிலிருந்து இறுதிவரை வேறொரு நல்ல தட்டுக்குப் படி எடுக்கலாம். இதற்கென டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருள் உண்டு. அது கையாளும் முறை கருதத்தக்கது. எளிதில் படிக்கத்தக்க கட்டங்களை முதலில் படித்து வைத்துக்கொள்ளும். நலிந்த கட்டத்தைக் கண்டால் அங்கேயே நின்று போராடாமல், அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு அப்பாற் செல்லும். எளியன யாவும் மீண்ட பின்னரே, குறித்துவைத்த இடங்களுக்குத் திரும்பிவந்து மீண்டும் முயலும். இடையிலேயே தட்டு முற்றும் நின்றுவிட்டாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும்.

படி கிடைத்தபின் பட்டியலைச் சீர்செய்யலாம். பட்டியலே இல்லாதொழியினும் நம்பிக்கை இழத்தல் வேண்டா. நிழற்படக் கோப்பு, ஒலிக்கோப்பு, ஆவணக் கோப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனக்கேயுரிய தொடக்கக் குறியை உடையது. அக்குறியைக் கட்டந்தோறும் தேடிச்சென்று கோப்பைத் திரட்டும் மென்பொருள்களும் உண்டு. கிறித்தோபு கிரெனியே என்னும் பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்னும் இரண்டும் விலையின்றிக் கிடைப்பன. முன்னது பட்டியலைச் சீர்செய்யும். பின்னது குறிகொண்டு கோப்புகளைத் திரட்டும். அவ்வாறு திரட்டிய கோப்புகளுக்குப் பழைய பெயர்கள் இரா. பெயர்கள் பட்டியலோடு போய்விட்டன. மேலும், ஒரு கோப்பு பல இடங்களில் துண்டுதுண்டாகக் கிடந்திருப்பின் அது முழுமையாக மீள்வது அரிது.

மீட்ட கோப்புகளைப் பழுதுற்ற தட்டிலேயே சேமித்தல் கூடாது. மீட்கப்பெறாமல் எஞ்சியவற்றின்மேல் அவை எழுதப்பட்டுவிடும்.

பொறியின் பழுதாயின் பணி வல்லுநர்க்கே உரியது. அவர்கள் தூசு நீக்கிய தனி அறையில் பெட்டியைத் திறந்து, அவ்வகைத் தட்டிலிருந்து எடுத்த முனைகளைப் பொருத்திப் படி எடுப்பர். வீட்டு மேசையின்மேல் அதனைத் திறப்பது, புழுதிக்காற்றில் கண் மருத்துவம் செய்வதை ஒக்கும். வன்தட்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று கூறுவாரும் உளர். குளிர்ந்த வட்டில் ஈரம் படிந்து கேட்டை மிகுவிக்குமாதலின் அது தகாது. நீரில் நனைந்த தட்டுக்கு மின்னிணைப்புக் கொடுத்துப் பார்த்தலும், அதனை வெயிலிலோ நெருப்பருகிலோ காய்ச்சுதலும் தவறாகும்.

விண்ணிலிருந்து வீழ்ந்த வன்தட்டு

இம்முறைகளின் ஆற்றலுக்கும் எல்லைக்கும் ஒருசேரச் சான்றாக விளங்குவது கொலம்பியா விண்ணோடத்தின் வரலாறு. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அவ்வோடம் புவிக்குத் திரும்பும் வழியில் வானில் சிதைந்தது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் உயிர் துறந்தனர். செனான் என்னும் வாயுவின் இயல்பை ஆராய்ந்த சோதனை ஒன்று அதில் நடந்திருந்தது. அதன் அளவீடுகளுள் ஒரு பகுதி பறக்கும்பொழுதே வானொலி வழியாக வந்து சேர்ந்தது. எஞ்சியது ஓடத்திலிருந்த வன்தட்டிலேயே தங்கியது.

சில மாதங்கள் கழித்து, சிதைவுகளுக்கிடையே, வற்றிய நீர்நிலை ஒன்றில் அவ்வன்தட்டு கிடைத்தது. புறப்பகுதி கருகியிருந்தது, மின்சுற்று உருகியிருந்தது, உள்ளே தூசும் புகுந்திருந்தது. ஆயினும் வட்டுகள் சிதையவில்லை. மீட்பு வல்லுநர்கள் அவற்றைத் தூய்மை செய்து வேறொரு பெட்டியில் பொருத்திப் படித்தபொழுது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு செய்தி மீண்டது. அவ்வாய்வின் முடிவு 2008-ஆம் ஆண்டில் அறிவியல் இதழில் வெளியாயிற்று.

அந்த ஓடத்தில் வேறு இரு வன்தட்டுகளும் இருந்தன. அவற்றிலிருந்து பயன்படத்தக்க ஒரு செய்தியையும் எடுக்க இயலவில்லை. ஒரே ஓடம், ஒரே வீழ்ச்சி, ஒரே கைத்திறன். ஒன்றில் எழுத்து எஞ்சியிருந்தது, மற்றவற்றில் எஞ்சவில்லை. வழி எத்துணைச் சிதைந்தாலும் எழுத்து இருப்பின் மீட்கலாம் என்பதும், எழுத்து அழிந்தால் அறிஞரும் கைவிரிப்பர் என்பதும் இதனால் விளங்கும்.

முடிவுரை

இக்காலத்தில் வட்டுச் சுழற்சியின்றி மின்சில்லுகளில் செய்தியை வைக்கும் சேமிப்புக் கருவிகளும் பெருகிவருகின்றன. அவை அதிர்ச்சியைப் பெரிதும் தாங்குவன. ஆயினும் அவற்றுட் பல, கோப்பு அழிக்கப்பட்டவுடன் அவ்விடத்தைத் தாமே துடைத்துக்கொள்ளும் இயல்பின. அவ்வாறு துடைக்கப்பட்டபின் மீட்பு இல்லை. ஆகவே கருவி எதுவாயினும் அதனையே முற்றும் நம்பியிருத்தல் அறிவுடைமையன்று.

காப்புக்கு எளிய முறை ஒன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. இன்றியமையாத கோப்புக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகைக் கருவிகளிலேனும் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். ஒரே வீட்டில் மூன்று படிகளையும் வைத்தால், ஒரு வெள்ளம் மூன்றையும் கொண்டுபோகும். படி எடுத்தாயிற்று என்று அமையாமல், அது திறக்கின்றதா என அவ்வப்போது பார்த்தலும் கடமையாகும். ஓலைச்சுவடியை உடையோர் ஆண்டுதோறும் அதனை எடுத்துத் துடைத்து வைத்த பழக்கத்தின் பொருளும் இதுவே.

மீட்பு என்பது வல்லுநரின் திறமையாலும் உடையவரின் பொறுமையாலும் சிலவேளை கைகூடுவது. காப்பு என்பது எவரும் எந்நாளும் செய்யத்தக்கது. 1846-இல் கலுவா மொம்பிரேன் நாட்குறிப்பைக் கண்டெடுத்தது நற்பேறு. அதனைப் படி எடுத்ததோ அறிவுடைமை. முன்னது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. பின்னது எல்லாராலும் இயல்வது.